புதுசா செய்த 12 அங்குல பேஸ் கேபினெட்: ரெக்சின் ஒட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன சோதிக்கணும்?

காட்பாடி_நாலுகம்பி:

எல்லாருக்கும் வணக்கம். பேஸ் கிட்டாருக்குன்னு அளவு கொடுத்து இங்க காட்பாடியிலேயே ஒரு மரவேலைப் பட்டறையில செய்த ஸ்பீக்கர் கேபினெட் (பெட்டி) இது. இப்போ வெறும் பிளைவுட்டா நிக்குது. ரெக்சின், கிரில், மூலைக் காப்பு எதுவும் இன்னும் போடலை. ரெக்சின் ஒட்டின பிறகு பிரிச்சு வேலை பார்க்கிறது கஷ்டம்னு தெரியும், அதான் இப்பவே கேட்கிறேன்.

பெட்டி 18 மி.மீ. பிளைவுட். உள்ளளவு உயரம் 48, அகலம் 40, ஆழம் 35 செ.மீ. ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 8 ஓம், 300 வாட். டேட்டா ஷீட்ல எஃப்.எஸ். (ஸ்பீக்கர் தனியா இருக்கும்போது இயல்பா அதிர்ற அதிர்வெண்) 45 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கும்ங்கிற அளவு) 0.33, வாஸ் (ஸ்பீக்கரோட நெகிழ்வுக்குச் சமமான காற்றளவு) 100 லிட்டர், எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கமா ஒழுங்கா நகரக்கூடிய தூரம்) 5 மி.மீ. போர்ட்டுக்கு, அதாவது பெட்டிக் காற்று வெளிய வந்து போற வழிக்கு, முன்பலகையில ஒரு 4 அங்குல பி.வி.சி. பைப், உள்விட்டம் 10.4 செ.மீ., பலகைத் தடிமனையும் சேர்த்து நீளம் 7 செ.மீ. ஆம்ப் கிளாஸ் டி ஹெட், 4 ஓம்ல 300 வாட். 4 ஓமுக்குக் கீழ போகக் கூடாதுன்னு பின்னாடி எழுதியிருக்கு. நாலு கம்பி பேஸ், ஸ்டாண்டர்ட் ட்யூனிங்.

10-க்கு 12 அடி அறையில வச்சு வாசிச்சா மூணு விஷயம் உறுத்துது. ஏ கம்பியைத் திறந்து அடிச்சா அறையே அதிருது. கீழ் இ-யில சத்தம் மெலிசு, ஆனா கோன் (ஸ்பீக்கரோட அசையுற கூம்பு) மட்டும் பயங்கரமா முன்னும் பின்னும் ஆடுது. ஜி கம்பியில அஞ்சாவது ஃப்ரெட் 'சி' அடிக்கும்போது எங்கேயோ 'ஜிர்ர்'னு ஒரு நடுக்கம்.

இதுல எது பெட்டியோட குறை, எது அறையோட குறைன்னு எப்படிப் பிரிக்கிறது? கிறிஸ்துமஸ் சமயத்துல திறந்தவெளிப் பாட்டு ஆராதனைக்கு இதே மாதிரி இன்னொண்ணு செய்யவும் யோசனை இருக்கு. இது சரின்னு தெரிஞ்சாதான் அடுத்ததுக்குப் பலகை வாங்கணும்.

பாகாயம்_ஒலி:

தம்பி, அளவுகளை முழுசா எழுதினது நல்லதாப் போச்சு. பாதிப் பதில் அதுலேயே இருக்கு.

முதல்ல ஆம்ப் இல்லாமலே பார்க்க வேண்டியது. மல்டிமீட்டரை ஓமில் வச்சு ஜாக்கிலேயே அளங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5.5-லிருந்து 6.5 வரை காட்டணும். மீட்டர் அளப்பது காயில் கம்பியின் டி.சி. தடை மட்டும்தான், அதனால் 8 காட்டாது. எதுவும் காட்டலைன்னா ஜாக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வயர் விட்டிருக்கு. அடுத்து 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி: பிளஸ்ஸை ஜாக்கின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டு எடுங்க. கோன் வெளியே தள்ளணும். உள்ளே போனா வயர் மாறியிருக்கு. ஒரே பெட்டியா வாசிக்கும்போது அது காதுக்குத் தெரியாது, இரண்டாவது பெட்டி சேரும் அன்னைக்குத்தான் தெரியும். இப்பவே சரி பண்ணிடுங்க.

காற்றுக் கசிவுக்கு, போர்ட்டைத் துணிப்பந்தால் இறுக்க அடைச்சிட்டு, கோனை நடு மூடிக்கு இரண்டு பக்கமும் விரல்களை வச்சு மெதுவா, சமமா உள்ளே அழுத்தி விடுங்க. பெட்டி இறுக்கமா இருந்தா கோன் சோம்பலாத் திரும்பும். சட்டுனு திரும்பினா எங்கேயோ காற்று போகுது. பெரும்பாலும் ஸ்பீக்கர் வளையத்தின் அடியிலும், ஜாக் தட்டின் ஓரத்திலும், குழிவான பிளாஸ்டிக் கைப்பிடியிலும்தான்.

இனி உங்க மூணு பிரச்சினை.

பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 67 லிட்டர். ஸ்பீக்கர், பிரேஸ் (உள்ளே தாங்கும் பலகை), பைப் எல்லாம் பிடிக்கும் இடம் போக சுமார் 60 நிக்கும். இந்த ஸ்பீக்கருக்கு அது பொருத்தமான அளவுதான், பெட்டியில் கை வைக்க வேண்டாம். போர்ட்தான் விஷயம். 60 லிட்டரில் 10.4 செ.மீ. விட்டத்துக்கு 7 செ.மீ. நீளம்னா கணக்குப்படி பெட்டியின் ட்யூனிங், அதாவது போர்ட் காற்று இயல்பா அதிரும் அதிர்வெண், 54 ஹெர்ட்ஸ் பக்கம் விழுது. இ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். போர்ட் பெட்டியில் ட்யூனிங்குக்குக் கீழே உள்ள காற்று கோனுக்கு எதிர்ப்பே கொடுக்காது. முன்னால் கோன் தள்ளும் காற்றைப் போர்ட் வழியா வரும் காற்று வெட்டிடும். கோன் ஆடுது, சத்தம் இல்லைன்னு நீங்க சொல்றது அதுதான். வால்யூம் கூட்டினா காயில் பின்தட்டில் மோதும் ஆபத்தும் அங்கேதான். 300 வாட்ங்கிறது சூட்டைத் தாங்கும் அளவு. 41 ஹெர்ட்ஸில் எக்ஸ்மேக்ஸ் தாண்ட அதில் ஒரு பங்கு பவரே போதும்.

ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கிற சுவர்களுக்கு நடுவில் அலை முதலில் நின்னு வலுக்கிற அதிர்வெண் சுமார் 56 ஹெர்ட்ஸ். கான்கிரீட் கூரையும் பூச்சுச் சுவரும் இதைக் கொஞ்சமும் உறிஞ்சாது. ஆக அறையின் அதிர்வும் உங்க போர்ட்டின் 54-உம் ஒரே சுரத்தில் வந்து விழுந்திருக்கு. அறையின் பங்கு எவ்வளவுன்னு பார்க்க, 55 ஹெர்ட்ஸ் டோனை நிறுத்தாம ஓடவிட்டு, 10 அடி அகலத்தில் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு நடங்க. நடுவில் சத்தம் பாதாளத்துக்கு இறங்கி, எதிர்ச் சுவரில் மறுபடி ஏறினா அது அறை. பெட்டியை என்ன மாத்தினாலும் அந்தப் பங்கு போகாது.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்க. எளிய வழி: ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப், ஆம்ப் ஈ.க்யூ. (பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள்) எல்லாம் நடுவில், குறைந்த சத்தம். 70-லிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸா இறங்கிட்டே கோன் மேல் விரல் நுனியை லேசா வைங்க. கோன் ஏறக்குறைய அசையாம நின்னு, போர்ட்டில் மட்டும் காற்று பலமா வர்ற இடம்தான் ட்யூனிங்.

துல்லியமா வேணும்னா ஆம்ப் பிளஸ்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 100 ஓம், 5 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒண்ணு தொடரில் போடுங்க. ஆம்ப் வெளியீடு 10 வோல்ட் அளவுக்கு இருந்தாப் போதும். 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை 2 ஹெர்ட்ஸ் படியில் ஏறிட்டே, ஸ்பீக்கர் முனைகளில் உள்ள வோல்ட்டையும் ரெசிஸ்டர் முனைகளில் உள்ள வோல்ட்டையும் எழுதுங்க. முன்னதைப் பின்னதால் வகுத்து 100-ஆல் பெருக்கினா அந்த ஹெர்ட்ஸில் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் (ஏ.சி. தடை). அதை வரைஞ்சு பார்த்தா இரண்டு மலையும் நடுவில் ஒரு பள்ளமும் வரும். பள்ளம்தான் ட்யூனிங். விலை குறைந்த மஞ்சள் மல்டிமீட்டரில் ஏ.சி.க்கு 200, 750 வோல்ட் ரேஞ்ச் மட்டும்தான் இருக்கும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே அது காட்டாது, இந்த வேலைக்கு உதவாது. 2 வோல்ட், 20 வோல்ட் ஏ.சி. ரேஞ்ச் உள்ளதை இரவல் வாங்கிக்கங்க. கிளாஸ் டி ஆம்ப்களில் ஸ்பீக்கர் மைனஸ் பல நேரம் கிரவுண்டே இல்லை. அங்கே லேப்டாப்பையோ ஆசிலோஸ்கோப் கிரவுண்டையோ நேரடியா இணைக்காதீங்க.

ஆரணி_தச்சு:

அந்த 'ஜிர்ர்' பத்தி நான் சொல்றேன். ஜி கம்பி அஞ்சாவது ஃப்ரெட் 'சி' சுமார் 131 ஹெர்ட்ஸ். டோன் ஆப்பை 131-ல வச்சு ஓடவிட்டு, பெட்டியை ஒவ்வொரு இடமா உள்ளங்கையால அழுத்துங்க. எந்த இடத்துல கை வச்சா சத்தம் நிக்குதோ அங்கதான் குறை. பலகையை அழுத்தி நின்னா உள்ள பிரேஸ் பசை பிடிக்கலை. ஜாக் தட்டை அழுத்தி நின்னா ஸ்க்ரூ தளர்வு. எங்க அழுத்தினாலும் நிக்கலைன்னா ஸ்பீக்கரைக் கழட்டி உள்ள பாருங்க: ஜாக்கிலிருந்து வர்ற வயர் தொங்கி பலகையில தட்டும், இல்லைன்னா கோனுக்குப் போற பின்னல் கம்பி கோனையே உரசும். வயரை ஒரு துண்டு ஃபோமுக்குள்ள விட்டு டேக் அடிச்சிடுங்க.

ஒரு சுரம் சரியானதும் நிறுத்தாதீங்க. 30-லிருந்து 300 வரை மெதுவா ஏத்துங்க. ஒரு நடுக்கம் அடங்கினா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது வெளிய வரும். கிரில், கைப்பிடி, மூலைக் காப்பு ஒவ்வொண்ணு மாட்டின பிறகும் இதே ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்க. மொத்தமா மாட்டிட்டுத் தேடினா எதுன்னு தெரியாம அலைவீங்க.

பிரேஸ் பத்தி நீங்க எதுவும் எழுதலை. 48-க்கு 35 பக்கப் பலகை 18 மி.மீ.-ஆ இருந்தாலும் நடுவுல தாங்கல் இல்லாம விட்டா தட்டினா 'டம்'முனு நிக்கும். 12 மி.மீ. பிளைவுட்ல ஜன்னல் மாதிரி வெட்டின ஒரு பிரேஸ், பக்கம் இரண்டையும் மேல் கீழையும் பிடிக்கிற மாதிரி வைங்க. சரிபாதியில வைக்காதீங்க, அஞ்சுக்கு மூணுன்னு ஒதுக்கி வைங்க. சரிபாதியில வச்சா இரண்டு பாதியும் ஒரே சுரத்துல அதிரும்.

பலகை என்ன தரம்? ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைன்னா கவலையே இல்லை. ஐ.எஸ். 303 எம்.ஆர். (ஓரளவுதான் ஈரம் தாங்கும்) கிரேடுன்னாலும் சத்தத்துல வித்தியாசம் இல்லை, ஆனா அறுத்த விளிம்புல ஈரம் ஏறி அடுக்கு விடும். போர்ட் துளையோட விளிம்பு, ஸ்பீக்கர் துளையோட விளிம்பு இரண்டுக்கும் மரைன் ஃபெவிகாலையோ வார்னிஷையோ இரண்டு கை பூசிடுங்க. விளிம்புல அடுக்குக்கு நடுவுல பொந்து தெரிஞ்சா மரத்தூளும் பசையும் கலந்து அடைங்க. அந்தப் பொந்துகூட 'ஜிர்ர்' பண்ணும்.

ஸ்பீக்கரை மர ஸ்க்ரூவுல பிடிச்சிருந்தா மாத்திடுங்க. நாலு தடவை கழட்டி மாட்டினா பிளைவுட்ல பிடிமானம் போயிடும். டி-நட்டும் (பலகைக்குப் பின்னாடி அடிச்சுப் பதிக்கிற முள் வச்ச நட்) 5 மி.மீ. போல்ட்டும் போடுங்க. டி-நட்டை அடிக்கும்போதே சுத்தி கொஞ்சம் எபாக்சி. எதிரெதிர் போல்ட்டா முடுக்கணும், ஒரு பக்கமா முடுக்கிட்டே போனா ஸ்பீக்கர் சட்டம் கோணி காயில் உரசும். உள்ள முழுக்க பஞ்சு திணிச்சா சத்தம் இன்னும் உருண்டையா வரும்னு செய்றவங்களும் இருக்காங்க, பார்த்துக்கங்க.

பாகாயம்_ஒலி:

அண்ணா, பஞ்சு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மூடிய பெட்டிக்கு அது சரி. போர்ட் உள்ள பெட்டியில் முழுக்கத் திணிச்சா போர்ட் காற்றின் வேகமே செத்துடும், ட்யூனிங்கைத் தேடிப் பிடிச்சதுக்குப் பலனில்லை. பின்பலகை, ஒரு பக்கம், மேல்பலகை இவற்றில் 25 மி.மீ. தடிமனுக்கு ஒட்டினாப் போதும். அது பெட்டிக்குள் நடுத்தர சுரங்கள் எதிரொலிக்காமல் இருக்கத்தான். பைப்பின் உள்வாய்க்கு எதிரே பஞ்சு இருக்கக் கூடாது, அவிழ்ந்து பைப் வழியா வெளியே வரும். மத்தபடி நீங்க சொன்ன பிரேஸ், டி-நட் எல்லாம் அப்படியே செய்ய வேண்டியவை.

காட்பாடி_நாலுகம்பி:

அளந்தாச்சு. ரெசிஸ்டர் முறையில முதல் மலை 28, பள்ளம் 54, இரண்டாவது மலை 87 ஹெர்ட்ஸ். விரல் வச்சுப் பார்த்தப்போவும் 54 பக்கம்தான் கோன் நிக்குது. 55 டோனுக்கு அறை நடுவுல சத்தம் நல்லாவே இறங்குது. 'ஜிர்ர்' ஜாக் தட்டுதான், ரப்பர் ஷீட் வச்சு முடுக்கினதும் நின்னுடுச்சு. பெட்டிக்குள்ள பிரேஸ் இல்லை, அண்ணா சொன்ன மாதிரி வச்சிடறேன். டி.சி. தடை 5.8. பேட்டரிக்குக் கோன் வெளிய வருது.

ட்யூனிங்கை எவ்வளவுக்கு இறக்கலாம்? பைப்பை மட்டும் மாத்தினாப் போதுமா?

பாகாயம்_ஒலி:

உங்க அளவீடு நம்பகமானதுதான். சரிபார்க்க ஒரு வழி உண்டு: இரண்டு மலைகளையும் பெருக்கிப் பள்ளத்தால் வகுத்தா ஸ்பீக்கரின் எஃப்.எஸ். வரணும். 28 பெருக்கல் 87, வகுத்தல் 54, சுமார் 45. டேட்டா ஷீட்டும் அதையே சொல்லுது. இந்த இரண்டும் பெரிசா விலகியிருந்தா கசிவையோ அளவுப் பிழையையோ சந்தேகப்படணும். இங்கே அது இல்லை.

பைப்பை மட்டும் மாத்தினாப் போதும். இதே பைப் 11 செ.மீ. நீளத்தில் 48 ஹெர்ட்ஸ் தரும், 16 செ.மீ.-ல் 42 பக்கம் வரும். நாலு கம்பிக்கு நான் 48-ஐத்தான் சொல்வேன். 42-க்கு இறக்கினா இ கம்பியில் கோன் அடங்கும், ஆனா 60-லிருந்து 80 வரை உள்ள உடம்பு கொஞ்சம் குறையும். பேஸ் கிட்டாரில் கீழ் இ-யின் பலம் காதுக்குப் பெரும்பாலும் அதன் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண்) 82 ஹெர்ட்ஸிலிருந்துதான் கிடைக்குது. அஞ்சு கம்பி பேஸ், 31 ஹெர்ட்ஸ் பி வாசிக்கணும்னா மட்டும் 42-ஐ யோசிங்க. எப்படி இருந்தாலும் ஆம்ப்பிலோ பெடலிலோ 35 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) இருந்தா போட்டுவிடுங்க. கம்பியைக் கையால் தட்டும்போது வர்ற சுரமில்லாத அடிகள் கோனை வீணா ஆட்டாம இருக்கும்.

உடனே ஒட்டிடாதீங்க. பிளம்பிங் கடையில் 4 அங்குல கப்ளரும் ஒரு துண்டு பைப்பும் வாங்கி, உள்பக்கம் சொருகி, மொத்த நீளம் 11 வர்ற மாதிரி வச்சு பள்ளத்தை மறுபடி அளங்க. 47-லிருந்து 49-க்குள் இருந்தா சரி. கூடுதலா இருந்தா நீட்டுங்க, குறைவா இருந்தா அறுங்க.

ஒண்ணு கவனிக்கணும். ஒரே 4 அங்குல பைப்புக்குக் குறுக்கு அளவு 85 சதுர செ.மீ.தான். வீட்டுச் சத்தத்துக்குப் போதும். திறந்தவெளியில் முழு வால்யூமில் இ, எஃப், ஜி அடிக்கும்போது பைப் வாயில் 'ஃபஸ் ஃபஸ்'னு காற்று இரையும். இரண்டு 4 அங்குலம் போட்டா ஒவ்வொண்ணும் 29 செ.மீ. வேணும், உங்க 35 செ.மீ. ஆழத்தில் பின்பலகைக்கு நெருங்கிடும். பைப் முனைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விட்ட அளவாவது விட்டாகணும். அதைவிட 3 அங்குல பைப் மூணு போடுங்க. உள்விட்டம் 7 செ.மீ. இருந்தா ஒவ்வொண்ணும் 20 செ.மீ. நீளம். குறுக்கு அளவு 115 சதுர செ.மீ. ஆகும், பின்னால் தாராளமா இடமும் இருக்கும். மூணு பைப் பிடிக்கும் இடத்தால் ட்யூனிங் அரை ஹெர்ட்ஸ் ஏறும், பரவாயில்லை. பைப்பின் உள்விட்டம் தடிமனைப் பொறுத்து மாறும், கடையிலேயே ஸ்கேல் வச்சு அளந்து வாங்குங்க. வெளிவாயின் விளிம்பை உப்புத்தாளால் நல்லா உருட்டிவிட்டா இரைச்சல் இன்னும் தள்ளிப்போகும். இருக்கிற 4 அங்குலத் துளையை 18 மி.மீ. வட்டத் துண்டால் அடைச்சு, பின்னால் ஒரு ஒட்டுப்பலகை கொடுக்கணும். ரெக்சின் வந்ததும் தெரியாது.

ஆம்பூர்_சவுண்ட்செட்:

போர்ட் முடிஞ்சதும் அறைக்குள்ளயே வாசிச்சு முடிவு கட்டாதீங்க தம்பி. மொட்டை மாடிக்கு ஏத்துங்க. பகல்ல பண்ணுங்க, இரவு 10-லிருந்து காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கு. கைப்பிடிச் சுவரை ஒட்டியே வைங்க, இல்லைன்னா நல்லாத் தள்ளி வைங்க. சுவரிலிருந்து ஒரு மீட்டர்ல வச்சா சுவர்ல பட்டுத் திரும்புற அலை 86 ஹெர்ட்ஸை வெட்டும், கீழ் எஃப்-உடைய இரண்டாம் ஹார்மோனிக் காணாமப் போகும். அதைப் பெட்டியோட குறைன்னு நினைச்சுடுவீங்க.

ஈ.க்யூ. எல்லாம் நடுவுல. இ-யிலிருந்து ஜி கம்பி பன்னிரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் அரை அரை சுரமா, ஒரே பலத்துல, மெதுவா ஏறுங்க. நாலு மீட்டர் தள்ளி இன்னொருத்தர் நின்னு, எந்தச் சுரம் துருத்துது, எது மறையுதுன்னு எழுதட்டும். அதே வரிசையை ஆம்ப்பிலிருந்து ஹெட்ஃபோன்லயும் கேளுங்க. ஹெட்ஃபோன்லயும் அதே சுரம் துருத்தினா குறை கிட்டார்ல, பிக்கப் உயரத்துல. அறைக்குள்ள கேட்ட கனம் மாடியில இருக்காது, அது இயல்பு. வெளியில சுவர் கொடுக்கிற உதவி கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் மிதமான சத்தம். புது ஸ்பீக்கரோட ஸ்பைடரும் (காயிலை நடுவுல தாங்குற மடிப்புத் துணி) கோனோட விளிம்பும் கொஞ்சம் இளகும், எஃப்.எஸ். லேசா இறங்கும். அப்புறம் கச்சேரி அளவுக்கு ஏத்தி அரை மணி நேரம் நிறுத்தாம வாசிச்சுட்டு சத்தம் தளருதான்னு கேளுங்க. காயில் செம்பு, நூறு டிகிரி சூடு ஏறினா தடை 39 சதவீதம் கூடும், அந்த அளவுக்குப் பவர் குறைவா இழுக்கும். நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல மாடியில 40 டிகிரியிலிருந்தே தொடங்குது, அதனால இந்தச் சோதனையைச் சாயங்காலம் வச்சுக்கங்க. எரிஞ்ச வாசனை வந்தா உடனே நிறுத்தணும், ஆறினதும் சரியாயிடும்னு விடக் கூடாது.

ஸ்பீக்கர் வளையத்துக்கு அடியில வைக்கிற கேஸ்கெட்டுக்கு இங்க ஷூ வேலைக்கு வர்ற 3 மி.மீ. இ.வி.ஏ. ஷீட் ரொம்ப நல்லாப் பொருந்தும். காற்று புகாது, வளையமா வெட்டவும் சுலபம். தோல் துண்டு வேண்டாம், ஈரம் குடிச்சு இறுகிடும். ரெக்சினை ஆட்டோ சீட் தைக்கிற கடையில மீட்டர் கணக்குல வாங்கிக்கலாம். ஒட்டின பெட்டியை வேன் மேல வெயில்ல ஏத்தி வச்சா மூலையில பசை விட்டுக் கிளம்பும், துணி போட்டு மூடிக் கொண்டு போங்க.

காட்பாடி_நாலுகம்பி:

மூணு பைப் முறையே செய்யறேன். இரண்டாவது பெட்டி சேர்க்கும்போது வேற எதுவும் கவனிக்கணுமா? இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான்.

ஆம்பூர்_சவுண்ட்செட்:

ஒரே ஸ்பீக்கர், ஒரே ட்யூனிங்னா நல்லது. 8-உம் 8-உம் பேரலல்ல 4 ஓம், உங்க ஆம்ப்போட எல்லை அதுதான், மூணாவது பெட்டிக்கு இடமில்லை. 8 ஓம்ல உங்க ஆம்ப் பெரும்பாலும் 160-லிருந்து 200 வாட்தான் கொடுக்கும், 4 ஓம்ல முழு 300. பவரும் கூடி, கோன் பரப்பும் இரட்டிப்பாகி, மொத்தத்துல 5 டெசிபெல் பக்கம் கிடைக்கும்.

ஜாக்குக்கு ஸ்பீகான் (ஸ்பீக்கருக்குன்னே உள்ள பூட்டு வச்ச கனெக்டர்) இரண்டு போட்டு, 1 பிளஸ், 1 மைனஸ் மட்டும் பயன்படுத்துங்க. சென்னை போகும்போது ரிச்சி தெருவில வாங்கிக்கலாம். வயர் 1.5 சதுர மி.மீ. போதும், 10 மீட்டருக்கு மேலன்னா 2.5. கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடவே கூடாது, உள்கம்பி மெலிசு, சூடேறும்.

பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. பக்கவாட்டுல வச்சா ஓரத்துல நிக்கிறவங்களுக்கு நடுத்தர சுரங்கள் ஒண்ணையொண்ணு வெட்டிக்கும், விரல் தெளிவு போயிடும். இரண்டையும் இணைச்சதும் கீழ் சுரங்கள் கூடணும். குறைஞ்சா ஒண்ணுல பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. உள்ளீடற்ற பலகை மேடையில வைக்காம தரையில வைங்க, மேடை தனியா ஒரு சுரம் பாடும். டிசம்பர்ல சாயங்காலமே பனி இறங்க ஆரம்பிச்சிடும். காகிதக் கோன் ஈரம் குடிக்கும், வாசிக்காத நேரத்துல முன்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிடுங்க.